காணாமல் போன அண்ணனுக்குப் பங்கு உண்டா? ஒரே விதி, இரண்டு ஃபத்வா

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஸ்ரத். என் மூத்த அண்ணன் வேலைக்காக வெளிநாடு போனார். எட்டு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லை. வாப்பா சென்ற ஆண்டு வஃபாத்தாகிவிட்டார்கள். உம்மா, நான், ஒரு தங்கை, அண்ணனின் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் இருக்கிறோம். பாகப்பிரிவினை பேச உட்கார்ந்தபோது ஓர் ஆலிம், “அண்ணன் பங்கை எடுத்து வையுங்கள், அவர் உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும்” என்றார். இன்னொருவர், “காணாமல் போனவர் பிறர் சொத்துக்கு வாரிசாக மாட்டார்” என்றார். இருவருமே இஸ்திஸ்ஹாப் என்ற விதியைத்தான் பேசினார்கள். உளூ (தொழுகைக்கான தூய்மை) முறிந்துவிட்டதோ என்று ஓயாமல் சந்தேகப்பட்டுத் தவித்த காலத்தில், ‘இருந்த நிலை தொடர்கிறது என்று வைத்துக்கொள்’ என்று எனக்கு நிம்மதி தந்ததும் இதே விதிதான். அங்கே ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் அது பேசுமா? மதினி எத்தனை நாள்தான் காத்திருப்பது? அண்ணன் பெயரில் உள்ள மனையை விற்றுப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடலாமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்.

உங்கள் கடிதத்தில் இரண்டு ஆலிம்கள் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். ஆனால் இன்று நீங்கள் செய்ய வேண்டியதைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் ஒன்றுதான்: அண்ணன் உயிரோடு இருந்தால் அவருக்குச் சேரக்கூடிய பங்கைத் தொடாதீர்கள். ‘வாரிசாக மாட்டார்’ என்றவர் அதை இப்போதே உங்களுக்குள் பிரித்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், அவர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) நூல்களே அவரைத் தடுக்கும். அவர்களுக்குள் உண்மையான வேறுபாடு பின்னால் வருகிறது. ஒரு காழி (இஸ்லாமிய நீதிபதி), ‘இவர் இறந்தவராகக் கருதப்படுகிறார்’ என்று தீர்ப்பளிக்கும் நாளில், எடுத்து வைத்த பங்கு யாருக்குப் போகும்? உங்கள் அண்ணன் பிள்ளைகளின் நிலைமை அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. அதனால் விதியைக் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

உளூவிலிருந்தே தொடங்குகிறேன். அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தொழுகையில் ஏதோ வெளியானது போல் தோன்றும் ஒருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. சத்தத்தைக் கேட்கும் வரை, அல்லது வாடையை உணரும் வரை அவர் தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என்றார்கள். இதைப் படிக்கும் பலர், ‘உளூ முறியவில்லை’ என்று நபியவர்கள் சான்று கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மனிதரின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி ஹதீஸ் பேசவே இல்லை. ஆதாரம் கைக்கு வராதபோது அவர் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. இஸ்திஸ்ஹாப் செய்வதும் அவ்வளவுதான். உறுதியாக இருந்த ஒரு நிலை தொடர்வதாகக் கொண்டு காரியத்தை நடத்து. மாறிவிட்டது என்பவர் ஆதாரம் கொண்டு வரட்டும். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று எந்த ஃபக்கீஹும் (சட்ட அறிஞரும்) செய்தி சொல்லவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல விரும்புகிறவரிடம் ஆதாரம் கேட்கிறார்கள்.

கடன் வழக்கிலும் இதே சங்கதிதான். கடன் கொடுத்தேன் என்று ஒருவர் சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார். மனிதன் பிறக்கும்போது யாருக்கும் கடன்பட்டவனாகப் பிறப்பதில்லை. எனவே மறுப்பவர் பக்கம் விதி நிற்கும், கொடுத்தவர் நிரூபிக்க வேண்டும். அவர் நிரூபித்த பிறகு, ‘திருப்பித் தந்துவிட்டேன்’ என்கிறார் வாங்கியவர். இப்போது கடன் உறுதியாகிவிட்டது, அது தொடர்கிறது, சுமை அவர் தலைக்கு மாறிவிட்டது. ஒரே வழக்கில் அரை மணி நேரத்துக்குள் விதி கட்சி மாறியது போலத் தெரியும். அது மாறவில்லை. உறுதியாக அறியப்பட்ட நிலைதான் மாறியது.

‘எந்த நிலையைத் தொடர்வது?’ என்று கண்டுபிடிப்பதில்தான் மேதைகளே திணறியிருக்கிறார்கள். நோன்பைப் பாருங்கள். ஃபஜ்ர் (வைகறை) வந்துவிட்டதா என்று தெரியாமல் ஒருவர் ஸஹர் சாப்பிடுகிறார், பிறகும் அது தெளிவாகவில்லை. நோன்பு செல்லும், ஏனென்றால் இரவு உறுதியாக இருந்தது. அதே மனிதர் மாலையில் சூரியன் மறைந்ததா என்ற சந்தேகத்தோடு நோன்பைத் திறக்கிறார், பிறகும் அது தெளிவாகவில்லை. அந்த நோன்பை அவர் களாச் செய்ய (வேறொரு நாளில் ஈடுசெய்ய) வேண்டும். ஏனென்றால் பகல் உறுதியாக இருந்தது. ஒரே நாள், ஒரே ஆள், ஒரே அளவு சந்தேகம். வேட்டையில் இன்னொரு விதம். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம், அம்பெய்த பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ண வேண்டாம் என்று நபியவர்கள் சொன்னார்கள். கொன்றது அம்பா, தண்ணீரா என்று தெரியாது. ஆகுமானதே அடிப்படை என்று எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். இறைச்சியில், முறைப்படி உயிர் பிரிந்தது உறுதியாகும்வரை தடையே முந்தைய நிலை.

உங்களுக்கு நிம்மதி தந்த உளூ விஷயத்திலேயே மாலிக்கி மத்ஹபின் பிரபலமான கருத்து வேறு என்று சொன்னால் நீங்கள் அதிரலாம். உளூ உறுதி, முறிந்ததில் சந்தேகம் என்றால் மறுபடி உளூச் செய்ய வேண்டும் என்கிறார்கள் அவர்கள். ஹதீஸ் தெரியாமல் அல்ல. தொழுகை நம்மீது கடமையாக இருப்பதும் ஓர் உறுதியான நிலைதானே, சந்தேகத்துக்குரிய உளூவால் அந்தக் கடமை நீங்குமா என்று கேட்கிறார்கள். 1285-இல் இறந்த இமாம் கராஃபி இதை விரிவாக அலசியிருக்கிறார். ஆக இரண்டு இஸ்திஸ்ஹாப்கள் நேருக்கு நேர் மோதுகின்றன. மற்ற மூன்று மத்ஹபுகள் முதலாவதை எடுத்தன. ஆனால் சந்தேகமே வழக்கமாகிப் போனவருக்கு மாலிக்கிகளும் விலக்களிக்கிறார்கள். உங்களைப் போல் தவித்தவரை எந்த மத்ஹபும் குழாயடிக்கு விரட்டவில்லை. அதனால் பழைய நிம்மதியை என் கடிதத்தால் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். ‘உயிரோடு இருப்பதாகக் கொள்வோம்’ என்ற கணிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதில் ஹனஃபிகளும் மற்றவர்களும் பிரிகிறார்கள். இருக்கும் உரிமையைப் பிறர் பறிக்காமல் தடுக்க இந்தக் கணிப்பு போதும், புதிய உரிமை ஒன்றைப் பெற்றுத்தரப் போதாது என்பது ஹனஃபி நிலை. நேற்று உயிரோடு இருந்ததற்கான ஆதாரம் இன்றைக்கான ஆதாரம் ஆகாது என்பது அவர்கள் வாதம். ஆகவே உங்கள் அண்ணனின் மனை அவருடையதாகவே இருக்கும், யாரும் பிரிக்க முடியாது; அதே நேரத்தில் வாப்பாவின் சொத்தில் அவர் இருப்பு உறுதியாகாமல் பங்கு கிடைக்காது. ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் உஸூல் (சட்டக் கோட்பாட்டு) அறிஞர்களோ இந்தக் கணிப்பு காக்கவும் செய்யும், பெற்றுத்தரவும் செய்யும் என்கிறார்கள்.

இதைக் கணக்கில் போட்டால்தான் விளங்கும். ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத் (மரண சாசனம்) போக மீதமுள்ளதை 120 பாகமாக வையுங்கள். அண்ணன் உயிரோடு இருந்தால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 15; அண்ணனுக்கு 42, உங்களுக்கு 42, தங்கைக்கு 21. அவர் வாப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் உம்மாவுக்கு அதே 15. உங்களுக்கு 70, தங்கைக்கு 35. காணாமல் போனவர் இருக்கும் பங்கீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கணக்கில் எது குறைவோ அதை மட்டும் இப்போது கொடுப்பது முறை. உம்மா தன் 15-ஐ முழுமையாக இன்றே எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கணக்கிலும் அது மாறாது. நீங்கள் 42, தங்கை 21. மீதி 42 நிற்கும்.

இந்த 42 பின்னால் என்ன ஆகும்? காழி மரணத் தீர்ப்பு தரும்போது ஹனஃபி முறையில் ஒரே மனிதருக்கு இரண்டு மரணத் தேதிகள். அவருடைய சொந்தச் சொத்துக்கு, தீர்ப்பு நாளே அவர் இறந்த நாள். அன்று உயிரோடு இருக்கும் வாரிசுகள் பெறுவார்கள். பிறர் சொத்தைப் பொறுத்தவரை, அவர் காணாமல் போன நாளிலேயே இறந்தவர். எனவே 42 பாகமும் வாப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பி, உங்களுக்கு 28, தங்கைக்கு 14 ஆகப் பிரியும். அண்ணன் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை; மகன் இருக்கும்போது பேரப்பிள்ளைகள் பாட்டனாரின் வாரிசாவதில்லை. கணிப்பை இரு பக்கமும் ஏற்பவர்களின் வழியில், அதாவது ஹன்பலி அறிஞர்களிடையே உள்ள ஒரு கருத்தின்படி, அந்த 42 அவருடைய மற்றச் சொத்தோடு சேர்ந்துவிடும். அப்போது அது மதினிக்கும் உம்மாவுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் போகும். ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, இன்னொரு பக்கம் பெரும்பகுதி அவர்களுக்கு. உஸூல் நூலில் ஒரு வரியில் முடிந்துபோகும் கருத்து வேறுபாடு, ஒரு குடும்பத்தின் கூடத்துக்குள் வரும்போது இந்த அளவுக்கு ஆகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹனஃபி முறையில் ஆதாயம் உங்களுக்கு. எனவே எந்த மத்ஹப் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், காழி தீர்மானிக்கட்டும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் உங்கள் பங்கிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. பங்கீட்டின்போது வாரிசல்லாத உறவினரும் அநாதைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் கொடுங்கள் என்று சூரா நிஸாவின் 8ஆவது வசனம் சொல்வது இப்படிப்பட்ட வீடுகளை நோக்கித்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. இதெல்லாம் தகவலே இல்லை என்ற நிலையில்தான். அவர் வாப்பாவுக்கு முன்பே இறந்தார் என்று சாட்சியோ பதிவோ கிடைத்தால் எந்த மத்ஹபிலும் வாரிசில்லை. பின்பு இறந்தார் என்று கிடைத்தால் எல்லா மத்ஹபிலும் வாரிசு. விவாதமே எழாது. உஸ்மானிய ஆட்சியில் 1869-க்கும் 1876-க்கும் இடையில் தொகுக்கப்பட்ட மஜல்லா சட்டத்தின் 11ஆவது பிரிவு, எப்போது நேர்ந்தது என்று தெரியாத நிகழ்வை மிக அண்மைய நேரத்தோடு சேர்க்கச் சொல்கிறது. இறந்தது உறுதி, தேதி மட்டும் தெரியவில்லை என்று வந்தால் இந்த விதியையும் காழி எடுத்துப் பார்க்கக்கூடும்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதில் இல்லாத ஒன்று. எட்டு ஆண்டுகளில் யார் தேடினார்கள், எங்கே தேடினார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. 1111-இல் இறந்த இமாம் கஸ்ஸாலி தம்முடைய முஸ்தஸ்ஃபா என்ற உஸூல் நூலில் இதைக் கறாராகச் சொல்கிறார்: ஆதாரம் இருப்பது எனக்குத் தெரியாது என்பது வேறு, தேடிப் பார்த்து ஆதாரம் இல்லை என்று அறிவது வேறு, இஸ்திஸ்ஹாப் இரண்டாவதன் மீதுதான் நிற்கும். வீட்டுக்குள் ஒரு பொருளை மூலை முடுக்கெல்லாம் தேடியவர் ‘இல்லை’ என்று சொல்லலாம். வாசலிலேயே நின்றவர் சொல்ல முடியாது. உங்கள் அண்ணனை வேலைக்கு எடுத்தவர்கள், கூடத் தங்கியிருந்தவர்கள், அந்த நாட்டுத் தூதரகம், குடியேற்றப் பதிவுகள், மருத்துவமனை, சிறைச்சாலை: இவற்றில் எதைக் கேட்டீர்கள், எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது? எழுத்தில் இருக்கட்டும். காழி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். உஸூல் அறிஞர்கள் இஸ்திஸ்ஹாபைக் கடைசித் துறை என்றே சொல்வார்கள். குர்ஆன், ஹதீஸ், இஜ்மா (அறிஞர்களின் ஒருமித்த முடிவு), கியாஸ் (ஒப்பீட்டு வாதம்) எல்லாவற்றிலும் தேடிக் கிடைக்காத பிறகுதான் முஃப்தி அங்கே வந்து ஒதுங்குவார். நாம் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறோம். சுலபமாக இருக்கிறது அல்லவா!

மதினி எத்தனை நாள் காத்திருப்பது? பழைய ஹனஃபி கருத்து கடுமையானது: அவருடைய வயதொத்தவர்கள் எல்லாம் இறக்கும்வரை, சிலர் பிறந்ததிலிருந்து 90 ஆண்டு என்றார்கள். இமாம் ஷாஃபிஈயின் புதிய கருத்தும் மரணம் நிச்சயமாகும்வரை காத்திருக்கச் சொல்கிறது. நிகாஹ் உறுதியாக இருந்தது, அது தொடர்கிறது. விதியை நேர்கோட்டில் இழுத்தால் இங்கேதான் வந்து நிற்கும். மாலிக்கிகள் அப்படி இழுக்கவில்லை. உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, நான்கு ஆண்டு காத்திருப்பு, பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா (விதவையின் காத்திருப்புக் காலம்), அதன்பின் அவள் மறுமணம் செய்யலாம் என்றார்கள். ஹன்பலி மத்ஹபில், போர்க்களத்திலோ கப்பல் விபத்திலோ காணாமல் போனவருக்கு நான்கு ஆண்டு. வியாபாரம், பயணம் என்று போனவருக்கு நீண்ட காலம். தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பதும் ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளில் ஒன்றுதான். ஒரு பெண்ணின் இளமை முழுவதையும் ஒரு கணிப்புக்குப் பலி கொடுக்க அது இடம் தராது. இந்தியத் துணைக்கண்டத்தின் ஹனஃபி உலமாக்களே 20ஆம் நூற்றாண்டில் இந்த விஷயத்தில் மாலிக்கி கருத்துக்கு மாறினார்கள். என் ஆலோசனையும் அந்த வழிதான்.

ஆனால் எட்டு ஆண்டு ஆகிவிட்டதே, நான்கு எப்போதோ முடிந்தது என்று மதினி தானாக முடிவெடுக்க முடியாது. மாலிக்கி நூல்களின்படி, காழி விசாரித்து இனித் தகவல் கிடைக்காது என்று கைவிரித்த பிறகுதான் நான்கு ஆண்டு எண்ணப்படும். காணாமல் போன நாளிலிருந்தே எண்ணும் நாட்டுச் சட்டங்களும் உண்டு. எதுவானாலும் தீர்ப்பு வேண்டும். மனு இன்னும் போகவில்லை என்றால் இந்த வாரமே போகட்டும். மனு மதினியின் பெயரில் போக வேண்டும். நீங்கள் துணைக்குப் போங்கள்.

மனையை விற்காதீர்கள். காணாமல் போனவரின் சொத்தில் கெட்டுப்போகக்கூடியதை மட்டுமே காழி விற்கலாம், கெடாததைக் குடும்பச் செலவுக்காகக் கூட விற்கக் கூடாது என்பது ஹிதாயா என்ற சட்ட நூலில் உள்ள ஹனஃபி நிலை. ஆனால் அவருடைய பணத்திலிருந்தும் வருமானத்திலிருந்தும் மனைவி, பிள்ளைகள், பெற்றோரின் செலவைக் காழி உத்தரவின் பேரில் எடுக்கலாம். மனையை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தைப் படிப்புக்குச் செலவிட அனுமதி கேளுங்கள். இதில் அண்ணனின் இருப்பைக் கொள்ளும் அதே கணிப்பு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. உயிரோடு இருக்கும் தகப்பனின் கடமை அது.

எடுத்து வைக்கும் 42 பாகத்தை உங்கள் பெயரில் வைக்காதீர்கள், மதினி பெயரிலும் வேண்டாம். இரண்டு பேருமே அதற்கு உரிமை கோரக்கூடியவர்கள். காழி நியமிக்கும் பொறுப்பாளரிடமோ, ஜமாஅத் எழுத்து மூலம் ஏற்கும் பொதுக் கணக்கிலோ இருக்கட்டும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று அதன் அளவோடு எழுதி, அண்ணன் திரும்பி வந்தால் முழுவதும் அவருக்கே என்ற வரியைச் சேர்த்து, உம்மா, தங்கை, மதினி எல்லோரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள்.